அப்பாவே விட்ட வேலை

அப்பா வேலையை விட்டுவிட்டார். இந்த ஒரு வரியை எப்படிச் சொல்வது என்பதில்தான் எங்கள் வீட்டில் முதல் சண்டை வந்தது. அம்மா அக்கம்பக்கத்தில், "அவருக்கு வேலை போயிடுச்சுங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அப்பா காதில் அது விழுந்தால் போதும், வாசலுக்கு வந்து நின்று, "போகல. நானா விட்டேன்" என்பார். கேட்டவர்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். வேலை போனவனைப் பார்த்து ஊர் 'ஐயோ பாவம்' என்னும். பெண்டாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டு தானாக வேலையை விட்டவனைப் பார்த்து என்ன சொல்லும்? கொழுப்பு என்றுதான் சொல்லும், சொன்னது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே கேட்டுக்குள் எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு குழாய். அந்தக் குழாயடியில் தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் சண்டை நடக்கும். யாருக்கு யார் என்ன சொன்னாலும் புரிந்துவிடும், அதுதான் கஷ்டமே.

அப்பா இந்திராநகரில் ஒரு குடும்பத்துக்கு டிரைவராக இருந்தார். பெரிய வீடு. சார் எப்போதும் வெளியூரில் இருப்பார். மேடமும் வேலைக்குப் போகிறவர். அவர்களுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரு பெண் குழந்தை. அம்மா தான் ஹெம்மிங் போட்ட ரவிக்கைகளைத் தையற்கடையில் கொடுக்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தனியே விட முடியாமல் அப்பா கூடவே அழைத்துப் போவார். அவர் காரைக் கழுவிக்கொண்டிருப்பார், நான் படியில் உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் மேடம் என்னை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்.

உள்ளே கூப்பிட்டால் சொல்லவா வேண்டும்! வழவழவென்று தரை. நடுவில் கிரீம் வைத்த பிஸ்கட். அந்தக் குழந்தை என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வரும். ஆயா ஊட்டினால் துப்புகிற சோற்றை நான் ஊட்டினால் வாங்கிக்கொள்ளும். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நடை நடந்தால் தூங்கிவிடும். "கெட்டிக்காரிடி நீ" என்று மேடம் என் கன்னத்தைத் தட்டுவார். ஒரு முறை சரிகை வைத்த கவுன் ஒன்று கொடுத்தார், அவருடைய அக்கா மகள் போட்டது. அதைப் போட்டுக்கொண்டு குழாயடியில் நான் நின்ற நிற்பு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை ஒரு அறை விடலாம் போல இருக்கும்.

அதனால் அப்பா வேலையை விட்டதில் வீட்டிலேயே அதிகக் கோபம் எனக்குத்தான். ஏன் விட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவைக் கேட்டேன், "உன் வேலையப் பாருடி" என்றாள். அப்பாவைக் கேட்டேன், "படிச்சியா நீ?" என்று திருப்பிக் கேட்டார். நான் எதைக் கேட்டாலும் அந்த நாட்களில் அவருக்கு அந்த ஒரு கேள்விதான். போகட்டும் என்று அவரோடு டூ விட்டுவிட்டேன். சாப்பிட வா என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் சொல்லி அனுப்பினேன்.

வேறு டிரைவர் வேலை கிடைக்கவில்லை. புது வீட்டுக்காரர்கள், முன்னால் இருந்த வீட்டின் போன் நம்பரைக் கேட்பார்கள். பேசிவிட்டு வந்து, "அங்க எதுவும் சொல்லாம திடீர்னு நின்னுட்டியாமே" என்பார்கள். அப்பா 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஒரு பொய் சொன்னால் என்ன, வாய் வெந்துவிடுமா? வாடகை ஆட்டோ கிடைத்த நாளில் ஓட்டினார். கிடைக்காத நாளில் ஏரிப்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார். அம்மா ரவிக்கைக்கு ஹெம்மிங் போட்டுக் கொக்கி வைத்துக் கொடுக்கிற காசில் வீடு ஓடியது. ராத்திரியில் கேழ்வரகுக் களி, காலையில் அதன் மிச்சம். என்னைக் கான்வென்டில் சேர்த்திருந்தார்கள். பீஸ் கட்டாத பிள்ளைகளை அங்கே எழுப்பி நிற்க வைப்பார்கள். நானும் நின்றேன்.

இந்த நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. எந்த ஆபீஸிலும் அவருக்கு வேலை இல்லை, ஆனால் எல்லா ஆபீஸ் வாசலிலும் வேலையாக இருப்பார். லைசென்ஸ், பிறப்புச் சான்றிதழ், கரண்ட் கனெக்‌ஷன், எது வேண்டுமென்றாலும் "நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்" என்பார். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானா என்று அப்பா முணுமுணுப்பார். ஆனாலும் அம்மாவுக்குத் தம்பி என்றால் தம்பிதான்.

"அக்கா, மஞ்சள் கார்டு போட்டுடலாம்" என்றார் மாமா.

மஞ்சள் கார்டு என்றால் ஏழைகளுக்கான ரேஷன் கார்டு. அது இருந்தால் அரிசியும் கோதுமையும் பேருக்கு ஒரு விலையில் கிடைக்கும். எங்களிடம் இருந்தது வேறு நிறம். அதைக் காட்டினால் மண்ணெண்ணெய்க்குக்கூட முகம் சுளிப்பார்கள்.

"நமக்கு எதுக்கு சர்க்கார் அரிசி? கையும் காலும் நல்லாத்தானே இருக்குது" என்றார் அப்பா.

அம்மா கொக்கி வைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடியில் போட்டாள். "இந்தா பாருங்க. அரிசி அங்க வாங்கிட்டா என் தையல் காசுல இவ பீஸைக் கட்டிடலாம். இல்லாட்டி இந்த வருஷத்தோட இவள நிறுத்திட வேண்டியதுதான். எங்கூட உக்காந்து கொக்கி வைக்கட்டும். உங்க ரோஷத்தை வெச்சு எத்தனை நாளைக்கு உலை வைக்கிறது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், டூ அல்லவா. "போடு" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாமா மனுவைத் தானே நிரப்பினார். குடும்பத் தலைவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று எழுதினார். அப்பா கண்ணில் காட்டவில்லை. எங்களைப் பார்த்து காம்பவுண்டில் இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள், "நாளைக்குக் காலைல இன்ஸ்பெக்டர் வீட்டைப் பாக்க வர்றாராம்" என்று சேதி வந்தது. அவ்வளவுதான், மாமாவுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது.

"டிவி இருந்தா கார்டு இல்ல. மிக்ஸி இருந்தா கார்டு இல்ல. மெத்தை, கட்டில், ஒண்ணும் கண்ணுல படக்கூடாது" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மூலை வீட்டுக்காரர் சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு மஞ்சள் கார்டு எப்படியும் கிடையாது, இன்ஸ்பெக்டரும் அங்கே போகப்போவதில்லை. ஆகவே நான்கு வீட்டு டிவியும் விடிவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தன. கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகளைப் போலக் கூடத்தில் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அந்தந்த வீட்டுக்காரி பின்னல் போட்ட உறை.

டிவி போய்விட்டது, ஆனால் கேபிள் ஒயர் ஜன்னல் வழியாக வந்து அந்தரத்தில் தொங்கியது. மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு அதன் நுனியை இழுத்து எதிர்ச்சுவர் ஆணியில் கட்டி, அதன் மேல் அம்மாவின் உள்பாவாடையையும் ஒரு துண்டையும் போட்டார். துணிக்கொடி ஆகிவிட்டது! அம்மாவுக்கே தம்பியின் மூளையைப் பார்த்துப் பெருமையாகிவிட்டது. அடுத்த வீடுகளுக்கும் ஓடிப்போய் அதே வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்.

எனக்கும் வேஷம் உண்டு. ஸ்கூல் டையும் பெல்ட்டும் அரிசிப் பானைக்குள் போயின. அது காலிதானே. தையல் விட்ட ஒரு பாவாடையைக் கட்டிவிட்டு, "ஸ்கூல் எதுன்னு கேட்டா கார்ப்பரேஷன் ஸ்கூல்னு சொல்லு. சிரிக்காத. பசிக்கிற மாதிரி நில்லு" என்றார் மாமா. பசிக்கிற மாதிரி நிற்பதற்கு எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

அப்பாவிடம் வரும்போது மட்டும் மாமாவின் குரல் இறங்கியது. "மாமா, நீங்க ஒண்ணும் பேச வேணாம். வேலைய விட்டு எடுத்துட்டாங்களான்னு கேப்பாங்க. தலைய ஆட்டுங்க, போதும்."

"எடுக்கலியே" என்றார் அப்பா.

"ஐயோ, தெரியும் மாமா! ஆட்டுங்க சும்மா."

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். கன்னடக்காரர், ஆனால் அல்சூரில் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழும் வந்திருந்தது. எங்கள் வீடுதான் கடைசி. குனிந்து உள்ளே வந்தார். உள்பாவாடையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து அந்த ஒயரை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"ஏன்ரீ, இந்தக் காம்பவுண்டுல எல்லாருக்கும் கொடி ஒரே கடைலயா வாங்கினீங்க? மூணு வீட்லயும் இதே கருப்புக் கொடி, இதே உள்பாவாடை."

மாமா சிரிக்கப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "டிவி எங்க இருக்குன்னு நான் கேக்கல. கேட்டா நீங்க சுள்ளு சொல்வீங்க" என்றார். சுள்ளு என்றால் கன்னடத்தில் பொய். அம்மா கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து, மனுவைப் பிரித்து அப்பாவைப் பார்த்தார்.

"வேலைலருந்து எடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கு. ஏன் எடுத்தாங்க?"

"எடுக்கல சார். நானா விட்டேன்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு முன்னால் வந்து, "எடுத்துட்டாங்க சார், அவருக்கு வெளில சொல்ல வெக்கம்" என்றார்.

"யாரும் எடுக்கல. அவன் தெரியாம எழுதிட்டான்" என்றார் அப்பா.

"சரி, ஏன் விட்டீங்க?"

"பிடிக்கல சார்."

"சம்பளம் கொடுக்கலியா?"

"சரியா கொடுத்தாங்க."

"அடிச்சாங்களா, திட்டினாங்களா?"

"அதெல்லாம் இல்ல சார். மரியாதையா நடத்தினாங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "ஏனப்பா, நீங்களே சொல்லுங்க. வேலை இருக்கு, சம்பளம் இருக்கு, மரியாதை இருக்கு. பிடிக்கலன்னு விட்டுட்டு வந்து உக்காந்துக்கிட்டா சர்க்கார் அரிசி கொடுக்கணுமா? கை கால் இல்லாதவங்க, புருஷன் செத்தவங்க, அவங்க எங்க போவாங்க? இதை நான் எப்படி எழுதறது?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான்கூட மனதுக்குள், நல்லா கேளுங்க சார் என்றுதான் சொல்லிக்கொண்டேன். எத்தனை வாரமாக நான் கேட்டும் பதில் வராத கேள்வி அது. அப்பா என் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கப் போனார்.

அப்போது அம்மா என் கையில் சில்லறையைத் திணித்தாள். "முனை பேக்கரில பால் பாக்கெட் வாங்கிட்டு வாடி. சாருக்கு ஒரு வாய் காபி கொடுக்காம அனுப்பறதா?"

"இங்க என்ன சொல்றாங்கன்னு..."

"போடின்னா!"

அந்த அதட்டலில் மாமாவே ஒரு அடி பின்வாங்கினார். போனேன்.

நான் இல்லாத அந்த நேரத்தில் அம்மா இன்ஸ்பெக்டரிடம் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து, என் மகளுக்கு ஸ்கூல் சீட் தேடி நான் அலைந்துகொண்டிருந்தபோது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, கீரை விலையைச் சொல்வது போலச் சொன்னாள். ஒரு நாள் காலை காரின் பின்சீட்டிலிருந்து மேடம் அப்பாவிடம் பேசியிருக்கிறார். "உன் பொண்ணை எங்க வீட்லயே விட்டுடு. குழந்தைக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சாப்பாடு துணிமணி எல்லாம் நாங்க பாத்துக்கறோம். உனக்கும் சம்பளத்துல சேர்த்துத் தரோம். படிப்பு எங்க ஓடிப்போகுது, பின்னால பாத்துக்கலாம்." மேடம் கெட்டவர் இல்லை. ஒரு டிரைவர் குடும்பத்துக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அப்பாவும் சண்டை போடவில்லை. மேடத்தை ஆபீஸில் இறக்கிவிட்டு, காரைக் கொண்டுபோய் வீட்டில் நிறுத்தி, சாவியை அதன் ஆணியில் மாட்டிவிட்டு, இந்திராநகரிலிருந்து அல்சூருக்கு நடந்தே வந்துவிட்டார்.

அதை வெளியே சொல்லியிருந்தால் யாரும் அவரைக் கொழுப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் குழாயடியில் சொன்னது என் காதுக்கு வராமல் போகுமா? "அவளுக்குத் தெரிஞ்சா நான் போறேன்னு குதிப்பா. அவ குதிக்கிறத பாத்து நம்ம மனசும் இளகிடும். களி திங்கிற கஷ்டத்துல அனுப்பியும் வெச்சுடுவோம்" என்றாராம் அம்மாவிடம். அதனால்தான் 'பிடிக்கல' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டார்.

நான் பாலோடு திரும்பினேன். மாமாகூட வாயை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார், அது அதிசயம். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"இவதானா?" என்றார். என்னைக் கிட்டே கூப்பிட்டார். "எத்தனாங் கிளாஸ்மா?"

"ஆறாவது. கார்ப்பரேஷன் ஸ்கூல்" என்றேன். மாமா சொல்லிக் கொடுத்தபடி சிரிக்காமல் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை.

"நல்லா படிப்பியா? பெரியவளாகி என்ன ஆகப்போற?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. எனக்கென்ன பயம்? மனதில் இருந்ததைச் சொன்னேன். "மேடம் வீட்டுக்குப் போய் பாப்பாவைப் பாத்துக்குவேன் சார். அங்கயே இருப்பேன். எனக்குப் புள்ள தூக்க நல்லா தெரியும். கெட்டிக்காரின்னு மேடமே சொல்லியிருக்காங்க."

நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அம்மா பால் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து மனுவில் எதையோ அடித்து, எதையோ எழுதி, கையெழுத்துப் போட்டார். "கார்டு வரும். வேற வேலை சீக்கிரம் தேடுங்க, வருஷா வருஷம் செக் பண்ண வருவோம்" என்றார் அப்பாவிடம். எழுந்தவர் திரும்பி நின்று, "ஸ்கூல் பிடிசபேடி" என்றார். படிப்பை நிறுத்திவிடாதீர்கள் என்று கன்னடத்தில் சொன்னார். நிறுத்தப்போவதாகச் சொன்னது அம்மாதானே, இவர் ஏன் அப்பாவிடம் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா, "இல்ல சார்" என்று கும்பிட்டார். காபிக்கு நிற்காமல் இன்ஸ்பெக்டர் உள்பாவாடைக்கு அடியில் குனிந்து போய்விட்டார்.

மாமா அவரைக் கேட்வரை வழியனுப்பினார். மூச்சு வந்துவிட்டது போலும், மறு நிமிஷமே வெளியே அவருடைய குரல் கேட்டது. "எல்லாம் நம்ம கொடி ஐடியாதான்!" கண்டக்டர் வீட்டிலிருந்து டிவிகள் ஒவ்வொன்றாக ஊர்வலம் கிளம்பின. எது யாருடையது என்று உறையைப் பார்த்துச் சண்டையும் தொடங்கிவிட்டது.

வேடிக்கை பார்க்க ஓடப்போனவள், அப்பா இன்னும் அதே இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். துண்டால் முகத்தை மூடியிருந்தார், தோள் குலுங்கியது. அதற்குமுன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அத்தனை நாள் வைராக்கியமாக வைத்திருந்த டூ எங்கே போனதென்றே தெரியவில்லை. பாவம், மேடம் வீட்டுக் காரை நினைத்துக்கொண்டுதான் அழுகிறார், அவசரப்பட்டு விட்டுவிட்டோமே என்று இப்போதுதான் உறைக்கிறது என்று நினைத்தேன்.

கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழாதப்பா. மேடத்துக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். நான் வந்து கேட்டா உன்னைத் திரும்ப சேத்துக்குவாங்க. என்னை ஒரே ஒரு தடவ அங்க கூட்டிட்டுப் போ."

அப்பா துண்டை எடுக்காமலே தலையை ஆட்டினார். கூட்டிப் போகிறேன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சரிகைக் கவுன் எங்கே இருக்கிறதென்று தேட நான் உள்ளே ஓடினேன்.